தாலிக்கொடியை முதலில் மீட்பதா, கடனட்டையை முதலில் முடிப்பதா?

மாதச் செலவும் லீசிங் தவணையும் போக 30,000 ரூபா மிஞ்சும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாலிக்கொடியும் ஒரு சோடிக் காப்பும் வங்கியில் 300,000 ரூபாவுக்கு அடைவில் (அடகில்) இருக்கின்றன. கடனட்டையில் 180,000 ரூபா நிலுவை. சேமிப்புப் புத்தகத்தில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. இந்த 30,000 எங்கே போகவேண்டும்?

யாழ்ப்பாணத்து வீடுகளில் பெரும்பாலும் வரும் பதில்: "முதலில் கொடியை மீட்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம்." காரணம் விளங்கக்கூடியதுதான். கொடி இல்லாத கழுத்து கலியாண வீட்டில் நாலு பேர் கண்ணில் படும். கடனட்டை நிலுவை கட்டியவருக்கு மட்டுமே தெரியும், சில வேளை கட்டியவரின் மனுசிக்குக்கூடத் தெரியாது. ஆனால் வட்டிக்கு வெட்கம் தெரியாது. அடைவு வங்கியில் இருந்தால், கொடியை முதலில் மீட்பது இருக்கிற வழிகளில் விலை கூடிய வழி. அடைவு எங்கே, என்ன வட்டிக்கு என்பதைப் பார்க்காமல் வரிசை போடுவதுதான் பிழை.

எல்லா வட்டியையும் ஒரே அளவில் எழுதுங்கள்

நம்மூரில் வட்டி நாலு விதமாகப் பேசப்படுகிறது. வங்கி ஆண்டுக்கு இத்தனை வீதம் என்கிறது. அடைவுகடை "நூற்றுக்கு மூன்று" என்கிறது. அது மாதக் கணக்கு, ஆண்டுக்கு 36 வீதம். மீற்றர் வட்டிக்காரர் நாளுக்குப் பேசுவார். கிழமைக் கடன் கொடுப்பவர் வட்டியையே பேசமாட்டார், "கிழமைக்கு 1,360 கட்டினால் சரி" என்பார். இவற்றை ஆண்டு வீதத்துக்கு மாற்றாமல் எதை முதலில் அடைப்பது என்று பேசுவதில் பயனில்லை.

கிழமைக் கடன்தான் ஆளை ஏமாற்றும். 60,000 ரூபா வாங்கி, கிழமைக்கு 1,360 வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 70,720. கூடுதலாகக் கட்டியது 10,720. அறுபதாயிரத்தில் இது ஏறத்தாழ 18 வீதம், ஆகவே "ஆண்டுக்கு 18தானே" என்று தோன்றும். ஆனால் 60,000 முழுவதும் முதல் கிழமை மட்டுந்தான் உங்கள் கையில் இருந்தது. ஆண்டின் நடுவில் பாதி முதல் திரும்பிப் போய்விட்டது, வட்டி மட்டும் முழு அறுபதாயிரத்துக்கும் போட்டபடியே நிற்கிறது. குறைந்துகொண்டு வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மை வீதம் ஆண்டுக்கு 33. ஏறத்தாழ இரண்டு மடங்கு. தவணைக் கடன் எதிலும் "முழுத் தொகைக்கு வட்டி" என்று வந்தால் இந்த இரட்டிப்பை மனதில் வையுங்கள்.

வங்கி அடைவும் கடனட்டையும் குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போடுபவை. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி, வங்கிகளின் நகை அடைவுக்கு 18 வீதமும் கடனட்டைக்கு 28 வீதமும் உச்ச வரம்பாக விதித்தது. இரண்டுக்கும் இடையில் பத்துப் புள்ளி இடைவெளி. நகை வங்கியின் பெட்டியில் இருப்பதால் அதற்குப் பயம் குறைவு, வட்டியும் குறைவு. அட்டைக்கு ஈடு எதுவும் இல்லை. கீழே உள்ள கணக்குக்கு அட்டை 26 வீதம், அடைவு 14 வீதம் என்று வைத்திருக்கிறோம். உங்கள் அடைவுச் சீட்டிலும் அட்டைக் கூற்றிலும் உள்ள வீதத்தைப் போட்டுப் பாருங்கள்; தொகை மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது.

மூன்று வழியின் கணக்கு

முதல் வழி, கொடி முதலில். அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகையாக மாதம் 9,000 மட்டும் கட்டி, மீதி 21,000ஐ அடைவுக்குப் போடுகிறீர்கள். அட்டையின் ஒரு மாத வட்டியே 3,900, அதனால் கட்டும் 9,000இல் 5,100 மட்டுமே முதலில் குறையும். அடைவு முடியப் பதினாறாவது மாதம் வந்துவிடும். அப்போதும் அட்டையில் ஏறத்தாழ 80,000 நிற்கும். அதையும் அடைத்து முடிக்க மொத்தம் ஏறத்தாழ பத்தொன்பது மாதம், இரண்டுக்குமான வட்டி 81,000.

இரண்டாவது வழி, அட்டை முதலில். அடைவுக்கு அந்தந்த மாத வட்டி 3,500ஐ மட்டும் கொடுத்துவிட்டு, 26,500ஐ அட்டையில் போடுகிறீர்கள். எட்டாவது மாதத்தில் அட்டை முடியும். பிறகு 30,000 முழுவதும் அடைவுக்கு. பதினெட்டு மாதத்துக்குச் சற்று மேல், வட்டி ஏறத்தாழ 64,000.

வித்தியாசம் 17,000 ரூபா. மலையைப் புரட்டும் தொகை இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆவணியில் தங்கச்சியின் கலியாணம், கொடி கட்டாயம் கழுத்தில் இருக்கவேண்டும் என்றால், அந்த 17,000 கொடிக்குக் கொடுக்கும் விலை. தெரிந்து கொடுத்தால் அது செலவு. தெரியாமல் கொடுத்தால் நட்டம். இன்னொன்று: முதல் வழியில் பத்தொன்பது மாதத்துக்கு அட்டை உயிரோடு இருக்கிறது. நிலுவை முழுதும் கட்டப்படாத அட்டையில் புதிதாக ஒரு பொருள் வாங்கினால், வழமையான வட்டியில்லாக் காலம் அதற்குக் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையால் பணம் எடுத்தாலோ கட்டணமும் சேர்ந்து ஓடும். 81,000 என்ற கணக்கு அந்த அட்டையைப் பத்தொன்பது மாதம் ஒருவரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது.

மூன்றாவது வழியைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்: மீட்பதை விட்டுவிட்டு, அலுமாரியில் சும்மா கிடக்கும் இன்னொரு சங்கிலியையும் அடைவு வைத்து, 180,000 எடுத்து, அட்டையை அன்றைக்கே முடித்துவிடுவது. இப்போது 480,000 முழுவதும் 14 வீதத்தில். மாதம் 30,000 கட்டினால் பதினெட்டு மாதத்துக்குள் எல்லாம் முடியும், வட்டி 54,000. மூன்றிலும் மலிவு இதுதான். 26 வீத வட்டி கட்டிக்கொண்டு பவுணை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பது, கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்குவது போல.

ஆனால் இந்த வழி கெடுவதும் அதிகம், கெடும் இடம் எப்போதும் ஒன்றுதான்: அட்டை வெறுமையாகிறது, ஆறு மாதத்தில் திரும்ப நிரம்புகிறது, இப்போது சங்கிலியும் இல்லை. ஆகவே நிலுவையை அடைத்த கையோடு அட்டையை மூடும்படி எழுத்தில் கொடுங்கள், துணை அட்டை இருந்தால் அதையும் சேர்த்து. மூட மனமில்லை என்றால் எல்லையை 25,000க்குக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் செய்ய வீடு உடன்படவில்லை என்றால் சங்கிலியைத் தொடாமல் இரண்டாவது வழியில் போங்கள். 10,000 ரூபா வட்டி மிச்சத்துக்காக அந்த ஆபத்தை எடுக்கத் தேவையில்லை.

தனியார் அடைவுகடை என்றால் முடிவு தலைகீழ்

மேலே சொன்னது எல்லாம் வங்கி அடைவுக்கு. கொடி நூற்றுக்கு மூன்று வட்டியில் தனியார் கடையில் இருந்தால் அது ஆண்டுக்கு 36 வீதம், அட்டையைவிட விலை கூடியது. சில கடைகளில் மாதத்தில் ஒரு நாள் கூடினாலும் முழு மாத வட்டி. அப்படியானால் அதுதான் முதலில். அதைச் சிறிது சிறிதாக அடைப்பதைவிட, ஒரே நாளில் மீட்டு அதே நகையை வங்கிக்கு மாற்றுவது நல்லது. மீட்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கைமாற்று வேண்டும், காலையில் வாங்கிப் பின்னேரம் திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. போகுமுன் வங்கியில் ஒரு பவுணுக்கு, அதாவது 8 கிராமுக்கு, அன்றைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். கடை கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தால் கைமாற்றைத் திருப்ப முடியாமல் நடுத்தெருவில் நிற்கவேண்டி வரும். கல் வைத்த நகைக்குக் கல்லின் நிறையைக் கழித்துவிட்டே மதிப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடைவு வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். கொடிக்கு ஒரு சீட்டு, காப்புக்கு ஒரு சீட்டு, சங்கிலிக்கு ஒன்று. ஒரே சீட்டு என்றால் 480,000 முழுவதும் முடியும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. பிரித்து வைத்தால் சிறியதை முதலில் மீட்கலாம், வீட்டுக்கும் ஏதோ நடக்கிறது என்ற தெம்பு வரும்.

வட்டியை மாதாமாதம் கட்டச் சொல்லாத வங்கி என்றால் மாதம் 3,500ஐ நீங்களே தனியாக எடுத்து வைக்கவேண்டும். 300,000க்கு 14 வீதம் என்றால் ஆண்டு முடிவில் 42,000 ஒரேயடியாகக் கேட்கும். பெரும்பாலான அடைவுகளின் தவணை 12 மாதம். வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கலாம், கட்டாவிட்டால் அறிவித்தல் அனுப்பி ஏலத்துக்குப் போகும். அந்த அறிவித்தல் சீட்டில் உள்ள முகவரிக்கே வரும். வாடகை வீடு மாறியவர்களும் தாயின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனவர்களும் நகையை இழப்பது இந்த இடத்தில்தான். ஏல நாளுக்குப் பிறகு அழுது பயனில்லை.

கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு?

கணக்கை மட்டும் பார்த்தால் தேவையில்லை. நிலையான வைப்புக்கு 8 வீதம் கிடைக்கிறது என்று வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் நிறுத்தி வைக்கும் வரியாகக் கழிபடுகிறது, ஆக கையில் 7.2 வீதம். (ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம், பலர் கேட்பதேயில்லை.) ஒரு இலட்சம் ரூபாவை அட்டையில் கட்டாமல் வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 7,200 வரும், 26,000 போகும்.

அப்படியிருந்தும் ஒரு சதம் சேமிப்பில்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டுவது கூடாது. ஒரு மழைக்கு ஓடு விழும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், செத்த வீட்டுக்குக் கொழும்பு போகவேண்டும். கையில் எதுவும் இல்லாத வீடு அன்று இரவு நூற்றுக்குப் பத்துக்கு வாங்கும். அது ஆண்டுக்கு 120 வீதம். அந்த ஒரு கைமாற்று, ஒரு வருடம் கஷ்டப்பட்டு மிச்சம் பிடித்த வட்டியைச் சில மாதத்தில் தின்றுவிடும்.

எனவே ஒரு கைகாவல் தொகை வேண்டும், அதற்கு ஒரு விலையும் உண்டு. 60,000 ரூபாவைச் சேமிப்புக் கணக்கில் 3 வீதத்தில் வைத்தால் ஆண்டுக்கு 1,800 வரும். அதே காசு அட்டையில் 15,600 வட்டியைக் குறைத்திருக்கும். ஆண்டுக்கு 13,800 ரூபா காப்புறுதிக் கட்டணம் என்று நினையுங்கள். மாதா மாதம் அரச சம்பளம் வரும் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, 30,000 போதும். அட்டைக்கும் அடைவுக்கும் குறைந்தபட்சம் கட்டிவிட்டு மாதம் 17,500 ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும், பிறகு அட்டைக்குப் போகலாம். ஓட்டோ ஓடுபவர், குருநகரில் கடலுக்குப் போகிறவர், வெங்காயம் போட்டு விலை விழுமோ என்று பார்த்திருப்பவர் 60,000ஐ முழுதாகச் சேர்த்த பிறகே கடனைத் துரத்தலாம். அவர்களுக்கு வருமானமே ஒரு அவசரநிலை.

இந்தக் காசு நிலையான வைப்பில் வேண்டாம், இடையில் உடைத்தால் வட்டி குறையும். சம்பளம் வரும் கணக்கிலும் வேண்டாம், கலந்துவிடும். இன்னொரு வங்கியில், பண அட்டை எடுக்காத சேமிப்புக் கணக்கு. தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தைத் தபால் கந்தோரிலும் நடத்தலாம், புத்தகத்தோடு போய் வரிசையில் நிற்கவேண்டும் என்பதே ஒரு காவல். தனியார் துறையில் இருப்பவர் "ஒரு சேமிப்பும் இல்லை" என்று கவலைப்படவும் தேவையில்லை. சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், முதலாளியின் இன்னொரு 3 வீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. முதலாளி உண்மையில் கட்டுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

சீட்டுப் போட்டுக் கடனடைக்கலாமா?

கழிவில்லாத குலுக்கல் சீட்டு, தாய்ச்சி (சீட்டை நடத்துபவர்) நம்பிக்கையான ஆள், முதல் நாலைந்து மாதத்துக்குள் உங்களுக்கு விழுகிறது என்றால் அது வட்டியில்லாக் கடன், அதைவிட நல்ல வழி இல்லை. எப்போது விழும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதுதான் சிக்கல். கடைசியில் விழுந்தால் மற்றவர்களுக்கு நீங்கள் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவராகிறீர்கள், அதுவும் அட்டைக்கு 26 வீதம் கட்டிக்கொண்டு.

கழிவுச் சீட்டு, அதாவது கூடிய கழிவு விட்டுக்கொடுப்பவர் எடுக்கும் சீட்டு, வேறு கதை. இருபது பேர், மாதம் 10,000, மொத்தம் 200,000. இரண்டாம் மாதம் 40,000 கழிவு சொல்லி 160,000 எடுக்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே போட்ட 20,000ஐக் கழித்தால் உண்மையில் கிடைத்த கடன் 140,000. இன்னும் 18 மாதம் 10,000 கட்டவேண்டும், 180,000. குறைந்துவரும் நிலுவைக்கு இது ஆண்டுக்கு 33 வீதத்தைத் தாண்டுகிறது. மற்ற மாதங்களின் கழிவில் உங்களுக்கும் பங்கு வந்தால் கொஞ்சம் குறையும், ஆனாலும் அட்டைக் கடனை அடைக்கக் கழிவுச் சீட்டு எடுப்பது பெரும்பாலும் ஒரு கிணற்றிலிருந்து ஏறி மற்றக் கிணற்றில் விழுவதுதான். சேமிப்பாகப் பார்த்தாலும் சீட்டுக் காசுக்குப் பாதுகாப்பில்லை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. தாய்ச்சிக்கு அது இல்லை.

லீசிங்கும் கிழமைக் கடனும்

லீசிங்கை முன்கூட்டி முடிக்க அவசரப்படாதீர்கள். 600,000 ரூபாவை 48 மாதத்துக்கு 20 வீதத்தில் எடுத்தால் மாதத் தவணை 18,260 அளவில் வரும், மொத்த வட்டி 276,000. வட்டி முன்பக்கமாகவே ஏறிவிடுகிறது. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் மிஞ்சியிருக்கும் வட்டி 22,000 மட்டும். அந்தக் கட்டத்தில் முழுதாக அடைத்தால், முன்தீர்வுக் கட்டணம் போக மிஞ்சுவது சொற்பம். ஆனால் தவணை பிந்தக்கூடாது. வாகனத்தை இழுத்துக்கொண்டு போனால் பிழைப்பும் சேர்ந்து போகும்.

கிழமைக் கடன் 33 வீதமாக நின்றால் அட்டைக்கும் முன்னால் அதுதான். நிலுவை சிறிது, முடிந்ததும் மாதம் ஏறத்தாழ 5,900 விடுபடும். சிறிய கடனை முதலில் முடிப்பதும் வட்டி கூடிய கடனை முதலில் முடிப்பதும் ஒன்றாகப் பொருந்திவரும் இடம் இது. முடிக்குமுன் ஒரு கேள்வி: முன்கூட்டி அடைத்தால் மீதிக் கிழமைகளின் வட்டியைக் கழிப்பார்களா? கழிக்காவிட்டால் முன்கூட்டி அடைப்பதில் ஒரு சதமும் மிச்சமில்லை, ஓடுகிறபடி ஓடவிட்டு அட்டைக்குப் போங்கள். குழுக்கடன் என்றால் ஒரு கிழமைகூடத் தவறவிட முடியாது, உங்கள் தவணை பக்கத்து வீட்டுக்காரியின் தலையில் விழும்.

கொப்பியில் வழுக்கும் இடங்கள்

வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதினால் போதும். எல்லோரும் அரிசி, கரண்ட் பில், ரியூசன் காசு எழுதுகிறார்கள். விடுபடுவது வேறு. கிழமைக் கடனுக்கு ஐந்து கிழமை வரும் மாதங்கள் உண்டு. நாலு கிழமைக்கு 5,440, ஐந்துக்கு 6,800. ஆண்டில் நாலு மாதம் அப்படி வரும். அடுத்தது நல்லது கெட்டது: சாமத்திய வீடு, கலியாணம், அந்தியேட்டி, நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளில் வந்து தங்கும் உறவுகள். கடந்த ஆண்டு இவற்றுக்குப் போனதை நினைவிலிருந்து எழுதி, பன்னிரண்டால் பிரித்து, மாதச் செலவில் ஒரு வரியாகப் போடுங்கள். போடாவிட்டால் அந்தக் காசு ஆடி, ஆவணியில் அட்டையிலிருந்துதான் வரும்.

வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் காசை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். அவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கும் அங்கே வீட்டுக் கடன் உண்டு. வந்த மாதத்தில் அது முழுவதும் வரிசையில் முதலில் நிற்கும் கடனுக்கு. வராத மாதத்தில் கொப்பி கவிழாது.

அட்டை முடிந்த மாதத்திலிருந்து 30,000 முழுவதும் அடைவுச் சீட்டுகளுக்குப் போகும், சிறிய சீட்டிலிருந்து தொடங்கி. ஒவ்வொரு நகையையும் மீட்கும்போது வங்கிக் கவுண்டரை விட்டு நகருமுன் சீட்டில் எழுதியிருக்கும் நிறையோடு தராசில் வைத்துப் பாருங்கள், கொழுக்கியும் சுரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள், கையெழுத்தை அதன் பிறகே போடுங்கள்.